அழுக்குத் துணிக்கு எடை இல்லை

அக்காவுக்கு இடது முழங்கால் முழுதாக மடங்காது. மடிப்பு மேசையில் பதினொரு வருடம் நின்றதில் வந்தது என்பது அவள் கட்சி. சின்ன வயதில் மதில் ஏறிக் குதித்ததில் வந்தது என்பது அம்மாவின் கட்சி. எப்படி வந்திருந்தாலும் அந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமத்தை நாற்பத்து நான்காம் வயதில் எடுத்து, கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அப்படி ஒரு வண்டி எங்கள் சலவை நிலையத்துக்கு வரும் என்று அவளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

வந்தது. பழைய டீசல் வேன் இரண்டும் ஓய்ந்துபோனபோது, மேலாளர் அம்மா கேஸில் ஓடும் வேன் ஒன்றை வாங்கினார். இரண்டாவதாக எதை வாங்குவது என்று முடிவு செய்யுமுன், பேட்டரி வேன் ஒன்றை எட்டு வாரத்துக்குப் பரீட்சார்த்தமாக வரவழைத்தார். ஓட்ட ஆள் யார் என்று கேட்டபோது அக்கா மடிப்பு மேசையிலிருந்தே கையைத் தூக்கினாள். மறுநாள் உரிமத்தை அலமாரியிலிருந்து எடுத்துவந்து மேலாளரின் மேசையில் வைத்தாள்.

நான் அதே நிலையத்தில் குமாஸ்தா. வருகிற துணி, போகிற துணி, சோப்புத் தூள், நீராவிக் கொதிகலனின் வாராந்தரக் குறிப்பு எல்லாம் என் பதிவேடுகளில் இருக்கும். கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. எங்கள் வாடிக்கையாளர்கள் இரண்டே பேர். ஒன்று கால்வாய்க் கரையில் இருக்கும் ஆஸ்பத்திரி. மற்றது கல்லூரி விடுதி. ஒவ்வொன்றுக்கும் போய்வர இருபத்திரண்டு கிலோமீட்டர். இரண்டுக்கும் ஒவ்வொரு நடையிலும் நானூறு கிலோ. இருபது கிலோ வீதம் இருபது பை. வெளுத்து, உலர்த்தி, மடித்த துணியைத் தராசில் வைத்து, எடையை எழுதி, வண்டியில் ஏற்றுவோம். திரும்பும்போது அங்கிருக்கும் அழுக்குத் துணியை ஏற்றிவருவோம். பட்டியல் போடுவது சுத்தத் துணியின் எடைக்குத்தான். அழுக்குத் துணியைத் தராசின் பக்கம்கூடக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் நிலையத்தின் கண்டிப்பான விதி. சுத்தம் ஒரு வாசல், அழுக்கு ஒரு வாசல்.

கேஸ் வேனை ஓட்டியவரை எல்லோரும் சிலிண்டர் என்றுதான் கூப்பிடுவோம். கேஸ் வண்டி வருவதற்குப் பத்து வருடம் முன்பே அந்தப் பெயர் அவருக்கு வந்துவிட்டது. ஆளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும். விடுதி நடை அவருக்கு, ஆஸ்பத்திரி நடை அக்காவுக்கு என்று மேலாளர் பிரித்துக்கொடுத்தார். ஒரு நாளைக்கு ஆளுக்கு இரண்டு நடை.

பிறகு மேலாளர் என்னைக் கூப்பிட்டு நிபந்தனையைச் சொன்னார். பேட்டரி வேனின் விலை அதிகம். அதற்காகத் தடித்த கம்பி இழுத்துத் தனிக் கொட்டகையும் கட்ட வேண்டும். இத்தனை சிரமத்துக்கு ஈடாக, ஒரு நடைக்குச் செலவாகும் சக்தியில் கேஸ் வேனைவிடக் கால் பங்காவது மிச்சம் தெரிய வேண்டும். தெரிந்தால் வாங்குவோம். கால் பங்குக்கு ஒரு புள்ளி குறைந்தாலும் எட்டாம் வாரம் வண்டி திரும்பிப் போகும். பேட்டரி வண்டி போனால் அக்கா மறுபடியும் மடிப்பு மேசைக்குப் போவாள் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

"அவங்க உங்க அக்கான்னு எனக்குத் தெரியும்," என்றார். "அதனாலதான் உங்ககிட்டயே குடுக்கறேன். வேற யாராவது எழுதினா நீங்க நோண்டுவீங்க. நீங்களே எழுதினா சிலிண்டர் நோண்டுவாரு. அது எனக்கு வசதி."

சிலிண்டர் அன்று மத்தியானமே நோண்ட ஆரம்பித்துவிட்டார். கேஸைக் கிலோவில் நிரப்புகிறோம், மின்சாரத்தை யூனிட்டில் ஏற்றுகிறோம், இரண்டையும் எப்படி ஒப்பிடுவாய் என்று கேட்டார். ஒரு கிலோ கேஸை எரித்தால் கிடைக்கும் வெப்பம் ஏறக்குறைய பதிமூன்றரை யூனிட்டுக்குச் சமம், எல்லாவற்றையும் யூனிட்டாக மாற்றிவிடுவேன் என்றேன். அவர் விடவில்லை.

"சரி குமாஸ்தா. என் வண்டியில நான் எரிக்கறது உன் கண்ணுக்குத் தெரியுது. உங்க அக்கா வண்டிக்கு வர்ற கரன்ட் என்ன மேகத்துலேர்ந்து ஒழுகுதா? எங்கயோ ஒருத்தன் அடுப்பு மூட்டித்தானே அனுப்பறான்? அவன் எரிச்சது யார் கணக்கு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவனையும் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவனையும் விறகுக் கணக்கில் ஒப்பிட்டால், கடைக்காரனின் அடுப்பையும் சேர்த்தாக வேண்டும். இரண்டு வண்டிக்கும் ஒரே இடத்திலிருந்து, அதாவது முதல் நெருப்பிலிருந்து கணக்கைத் தொடங்குவது என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அப்படியானால் அவருடைய கேஸைக் குழாயில் தள்ளி, அழுத்தி, நிலையத்தில் நிரப்புவதற்கு ஆகும் சக்தியும் சேரும் என்றேன். சேர்த்துக்கொள் என்றார், வீட்டு விருந்துக்கு ஒரு ஆள் கூடுதலாக வந்த மாதிரி.

மின்சார அலுவலகத்துக்கும் கேஸ் நிறுவனத்துக்கும் ஒரே நாளில் கடிதம் எழுதினேன். மின்சார அலுவலகம் ஒன்பது நாளில் பதில் அனுப்பியது. உங்கள் சுவருக்கு ஒரு யூனிட் வந்து சேர, மின் நிலையத்தில் இரண்டரை யூனிட் வெப்பம் எரிகிறது, கம்பியில் போகும் இழப்பும் இதில் அடக்கம் என்று எழுதியிருந்தார்கள். கேஸ் நிறுவனத்துக்கு இரண்டு நினைவூட்டல் கடிதம் தேவைப்பட்டது. நூற்றுக்கு எட்டு கூட்டிக்கொள்ளவும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. இரண்டு கடிதத்தையும் சிலிண்டரிடம் காட்டினேன். படித்துவிட்டு, மின்சாரக்காரன் யோக்கியன் என்றார்.

முதல் நான்கு வாரம் இப்படி எழுதினேன். கேஸ் வேனைக் காலையில் முழுதாக நிரப்பி, இரண்டு நடை ஓட்டி, மாலையில் மறுபடி முழுதாக நிரப்பி, ஏறின கிலோவைக் குறித்துக்கொள்வேன். பாதிதான் ஒரு நடைக்கு. சராசரி ஒன்றரைக் கிலோ. பேட்டரி வேனில் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு சின்னத் திரை இருக்கிறது. நடை முடிந்ததும் எத்தனை யூனிட் செலவானது என்று அதுவே காட்டும். சராசரி ஆறு. முதல் நெருப்பு வரை கணக்கிட்டால் கேஸுக்கு இருபத்தொன்று புள்ளி ஒன்பது யூனிட், பேட்டரிக்குப் பதினைந்து. மிச்சம் நூற்றுக்கு முப்பத்தொன்று.

அக்காவிடம் சொன்னேன். மறுநாள் ஓட்டுநர் இருக்கைக்கு ஒரு மெத்தை உறை தைத்துக்கொண்டு வந்தாள். அதுதான் அவள் மகிழ்ச்சி. அந்த நான்கு வாரத்தில் அவள் நடையே மாறியிருந்தது. சாயங்காலம் வீட்டுப் படியை ஒவ்வொன்றாக நின்று ஏறுகிறவள், இப்போது கையில் காய்கறிப் பையோடு ஏறினாள். ஆஸ்பத்திரி வாசல் காவலாளியின் மகளுக்கு எந்த ஊரில் வேலை, பாலத்துக்குக் கீழே எந்த நாள் மீன்பிடிக்கிறவர்கள் வருவார்கள் என்று ஊர்க் கதை எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. நான் அக்கா வீட்டு மாடி அறையில்தான் குடியிருக்கிறேன். அத்தான் கட்டடங்களுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை செய்கிறவர். அதிகம் பேச மாட்டார். அவள் கதை சொல்லும்போது சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

ஐந்தாம் வாரம் ஒரு நாள் அந்த மேசையில் அக்கா பூனையைப் பற்றிச் சொன்னாள். நிலையத்து முற்றத்தில் திரியும் சாம்பல் பூனை இப்போதெல்லாம் கொதிகலன் அறைக்குப் போவதே இல்லையாம். மத்தியானம் வண்டியைச் சார்ஜில் போட்டதும் சுவரில் இருக்கும் சார்ஜர் பெட்டியின் மேல் ஏறிப் படுத்துக்கொள்கிறதாம். "அவ்வளவு இதமா இருக்கும்போல. எழுப்பினா என்னையே முறைக்குது."

அத்தான் தலையைத் தூக்கினார். "பெட்டி சூடாகுதா?"

"ஆமா, தொட்டுப் பாத்தேன். வெதுவெதுன்னு இருக்கு."

"அப்ப சுவத்துல இருந்து எடுக்கறதுல கொஞ்சம் பூனைக்குப் போகுது," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தார்.

 மின்சார அலுவலகத்தின் கடிதம் தெளிவாக இருந்தது: உங்கள் சுவருக்கு ஒரு யூனிட் வந்து சேர. நான் எழுதிவந்ததோ சுவருக்கு வந்ததை அல்ல. பேட்டரியிலிருந்து சக்கரத்துக்குப் போனதை. சார்ஜர் பெட்டியில் சூடாகிப் போனது, பேட்டரிக்குள் ஏறும்போது போனது எதுவும் அந்தச் சின்னத் திரைக்குத் தெரியாது. கேஸுக்கு மட்டும் நிரப்பும் இடத்தில் அளந்துவிட்டு, பேட்டரிக்குச் செலவாகும் இடத்தில் அளந்திருக்கிறேன். இதை யாரும் கேட்கவில்லை. சிலிண்டருக்கே தோன்றவில்லை.

மறுநாள் அத்தானிடம் பழைய மின் மீட்டர் ஒன்றை வாங்கி, அவரையே கூட்டிப்போய்ச் சார்ஜர் பெட்டிக்கு முன்னால் மாட்டவைத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வேலை முடிந்ததும் மட்டும், "அவளுக்குத் தெரியுமா?" என்றார். இன்னும் சொல்லவில்லை என்றேன். திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து நாள் குறித்தேன். ஒரு நாள் இரண்டு நடைக்குப் பதினாலு புள்ளி இரண்டு. நடைக்கு ஏழு புள்ளி ஒன்று. முதல் நெருப்பு வரை போனால் பதினேழே முக்கால். மிச்சம் முப்பத்தொன்றிலிருந்து பத்தொன்பதுக்கு இறங்கியது. வேண்டியது இருபத்தைந்து.

அக்காவிடம் முதலில் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாயை மூடாமலே கேட்டாள்.

"அந்தப் பூனையப் பத்தி நானே வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன், இல்ல?"

எழுதாமல் இருக்க முடியாது என்றேன்.

"எழுதாதேன்னு நான் சொன்னேனா?" என்றாள். பிறகு அத்தானிடம் திரும்பி, "உங்க மச்சினன்கிட்டச் சொல்லுங்க, மாடியில துணி காய்ஞ்சிருச்சு, அவனையே எடுத்துக்கச் சொல்லுங்க," என்றாள். நான் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து மூன்று நாள் எனக்கான செய்தி எல்லாம் அத்தான் வழியாகத்தான் வந்தது. அவர் அதைத் திருப்பிச் சொல்லும் சிரமம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து ஒரு தரம் தலையசைப்பார், அவ்வளவுதான்.

மேலாளரிடம் எழுத்திலேயே கொடுத்தேன். முன்பு கொடுத்த கணக்கு தவறு, காரணம் இது, திருத்திய எண் இது என்று ஒரு பக்கம். அவர் இரண்டு தடவை படித்தார். எட்டாம் வாரம் வரை குறிப்பதை நிறுத்த வேண்டாம், ஆனால் வண்டியைத் திருப்பி அனுப்பும் கடிதத்தைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதையும் நான்தான் எழுத வேண்டும். எழுதினேன். தேதி மட்டும் போடவில்லை.

செய்தி தெரிந்ததும் சிலிண்டர் என் மேசைக்கு வந்து நின்றார். வெற்றி பெற்றவர் போல இல்லை. என்னை ஏதோ புது ஜந்து மாதிரி பார்த்தார். கூடப் பிறந்தவள் வண்டிக்கே குழி தோண்டுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அதை வைது சொன்னாரா, மெச்சிச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆறாம் வாரம் வியாழக்கிழமை. மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. முற்றம் முழுக்கப் புழுதி. அக்கா மத்தியான நடை முடித்து உள்ளே வந்தாள். அழுக்கு வாசலில் வண்டியை நிறுத்தினாள். சிலிண்டர் அங்கே நிழலில் உட்கார்ந்து செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். கேட்டிலிருந்து அழுக்கு வாசல் வரை புழுதியில் ஒரு ஈரக் கோடு நீளமாக விழுந்திருந்ததைக் காட்டினார்.

"என்ன தங்கச்சி, உன் வண்டி ஒழுகுது? பேட்டரி வண்டிக்கு ஏது தண்ணி?"

"வண்டி ஒழுகலண்ணே. துணி ஒழுகுது. ரத்தக் கறையெல்லாம் அங்கயே அலசித்தான் பையில போடறாங்க. பிழியறதுக்கு அவங்களுக்கு நேரம் ஏது?"

"தெனமுமா?"

"ஒவ்வொரு நடையும்."

சிலிண்டருக்கு அவர் வண்டிச் சாவியைக் கொடுக்க வந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். நானூறு கிலோ என்று ஐந்து வாரமாக எழுதியிருக்கிறேன். அது போகிற எடை. வருகிற எடையை எங்கள் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது.

தராசுக்குப் பொறுப்பான அம்மா என்னைக் கிட்டவே சேர்க்கவில்லை. அழுக்குப் பையை உள்ளே கொண்டுவந்தால் நான் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். கடைசியில் எடை போடக் கொக்கித் தராசு ஒன்றை எதிர்க் கடையில் இரவல் வாங்கி, அழுக்கு வாசலின் இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டேன். தூக்குவதற்குச் சிலிண்டர் தானாகவே எழுந்து வந்தார். முதல் பை இருபத்தொன்பது கிலோ. இரண்டாவது முப்பத்தொன்று. இருபது பையும் தூக்கி முடித்தபோது அவருடைய சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கூட்டினால் ஐந்நூற்று எண்பத்திரண்டு.

"நூத்தி எண்பத்திரண்டு கிலோ தண்ணி," என்றேன்.

சிலிண்டர் சட்டையைப் பிழிந்தார். "மூணு ஆளை ஓசியில கூட்டிட்டு வந்திருக்கே தங்கச்சி. அதுவும் மேட்டுல."

மேடு என்பதை அப்போதுதான் நான் சேர்த்து நினைத்தேன். ஆஸ்பத்திரி கால்வாய்க் கரையில், பள்ளத்தில் இருக்கிறது. எங்கள் நிலையம் மேட்டில். சுத்தத் துணி இறங்கிப் போகிறது, ஈரத் துணி ஏறி வருகிறது. விடுதிச் சாலை தட்டையானது. அன்று மாலை சிலிண்டர் கொண்டுவந்த விடுதிப் பைகளையும் தொங்கவிட்டோம். மொத்தம் நானூற்று ஏழு. நூற்றுக்கணக்கான மாணவர்களின் அழுக்கு மொத்தமே ஏழு கிலோதான்.

மறுநாள் காலை மேலாளரிடம் போனேன். இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. போன வாரம் அக்காவுக்குப் பாதகமாக ஒரு பக்கம், இந்த வாரம் சாதகமாக ஒரு பக்கம். சிலிண்டரும் கூடவே வந்து நின்றார். தண்ணீர் சுமந்ததற்கு மார்க் போடக் கூடாது என்பது அவர் வாதம். தண்ணீர் நமக்கு வேண்டாத சரக்கு. வேண்டாததை யார் அதிகம் சுமந்தார்கள் என்று பரிசு கொடுப்பது எந்த ஊர் வழக்கம்? அதிலும் நியாயம் இருந்தது. ஈரத்தின் எடையை வைத்து ஏதாவது வகுத்துப் பெருக்கி எண்ணை ஏற்றினால் அது என் கைவேலையாகத்தான் இருக்கும், வண்டியின் வேலையாக இருக்காது.

மேலாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பாதையை மாத்திக்குங்க. ஒரு வாரம். பேட்டரி விடுதிக்குப் போகட்டும், கேஸ் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அதுக்கப்புறம் யாரும் என் அறைக்கு வரக் கூடாது."

ஏழாம் வாரம் அப்படியே ஓடியது. நான் பேட்டரி மீட்டரைக் குறித்தேன். கேஸ் நிலையத்தில் நிரப்பும்போது நான் கூடப் போவதா என்று கேட்டதற்குச் சிலிண்டர் முகத்தைச் சுளித்தார். போகவில்லை. முழுதாக நிரப்பாமல் பாதியில் குழாயை எடுத்துவிட்டால் அவர் வண்டி குறைவாகக் குடித்தது போல் தெரியும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இது எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த வாரம் அக்கா விடுதிக்குப் போய்வந்தாள். தட்டைச் சாலை, உலர்ந்த பை. சுவர் மீட்டரில் நடைக்கு ஆறு புள்ளி இரண்டுக்கு மேல் ஏறவில்லை. என்னிடம் நேராகப் பேச ஆரம்பித்திருந்தாள். ஆனால் எண் என்ன என்று கேட்பதில்லை. விடுதிக்காரர்கள் பேச்சே இல்லாத ஜென்மங்கள், எல்லோரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பையை நீட்டுகிறார்கள், ஆஸ்பத்திரிக் காவலாளி எவ்வளவோ மேல் என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள். சாயங்காலம் படி ஏறும்போது முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். வலியா, பழக்கமா என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாலை சிலிண்டர் ஆறு நாள் ரசீதையும் மேசையில் வைத்தார். நான் கூட்டி வகுத்தேன். நடைக்கு ஒன்று புள்ளி ஏழு கிலோ. விடுதிக்கு ஒன்றரை குடித்த அதே வண்டி. மறுபடி ஒரு தடவை கூட்டினேன்.

"எத்தன தடவ கூட்டினாலும் அதான் வரும்," என்றார். "அந்த மேட்டுல மூணு ஆள் பாரத்தோட ரெண்டாவது கியர்லயே உறுமிக்கிட்டு வந்தேன். எழுது."

அவர் முன்னாலேயே எழுதினேன். ஆஸ்பத்திரி நடை: கேஸ் இருபத்து நாலு புள்ளி எட்டு, பேட்டரி பதினேழே முக்கால். மிச்சம் நூற்றுக்கு இருபத்தெட்டு. விடுதி நடை: கேஸ் இருபத்தொன்று புள்ளி ஒன்பது, பேட்டரி பதினைந்தரை. மிச்சம் இருபத்தொன்பது. நான் முதலில் நினைத்த முப்பத்தொன்று இல்லை. பிறகு பயந்த பத்தொன்பதும் இல்லை.

சிலிண்டர் தாளைத் திருப்பி வைத்துப் படித்தார். "மூணு புள்ளிதான் தப்பிச்சா," என்றார். பிறகு, "மூணு போதும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மேலாளர் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, வாங்குவது என்று ஒரே சொல் எழுதினார். தேதி போடாத கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கூடவே இன்னொரு கடிதம் எழுதச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு. ஒரு நாளைக்கு முந்நூற்று அறுபத்து நாலு கிலோ தண்ணீரை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறோம், தயவுசெய்து பிழிந்து அனுப்பவும் என்பதை மரியாதையாக எழுத வேண்டும். மூன்று பத்தியில் எழுதினேன். அவர்கள் ஒரு பழைய பிழியும் இயந்திரத்தைப் பழுது பார்த்து வைத்துக்கொண்டார்கள். இப்போது என் பதிவேட்டில் அழுக்குத் துணிக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. எதிர்க் கடைக்காரர் தராசைத் திருப்பிக் கேட்டதால் நாங்களே ஒன்று வாங்கிவிட்டோம். ஆஸ்பத்திரி நடை ஆறரை யூனிட்டுக்கு இறங்கிவிட்டது. பிழிந்து அனுப்பினால் என் வண்டியும்தான் குறைவாகக் குடிக்கும் என்று சிலிண்டர் வாரம் ஒரு முறை நினைவுபடுத்துவார். உண்மைதான் என்று நானும் வாரம் ஒரு முறை ஒப்புக்கொள்வேன்.

அக்காவிடம் அன்று சாயங்காலம் அழுக்கு வாசலில் வைத்துச் சொன்னேன். வண்டியைச் சார்ஜில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நிச்சயமா?" என்றாள். "நாளைக்கு வேற ஏதாவது மிருகத்தப் பாத்துட்டு வந்து மாத்த மாட்டியே?"

கையெழுத்து ஆகிவிட்டது என்றேன். அவள் பிளக்கை அழுத்திச் சொருகினாள். சாம்பல் பூனை எங்கிருந்தோ வந்து பெட்டியின் மேல் ஏறி, இரண்டு சுற்று சுற்றிப் படுத்தது. நடைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இன்னும் அங்கேதான் போகிறது. அக்கா அதை எழுப்பவில்லை. ஓட்டுநர் இருக்கையின் மெத்தை உறையைக் கழற்றி, அழுக்காகிவிட்டது, துவைக்கப் போடு என்று என் கையில் கொடுத்தாள்.